தோள்வலிக்கு முதுகில் சிகிச்சை: மேசையில் படுக்கும் முன் செய்ய வேண்டியவை

மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் மடியில் துணியை விரித்து, முதுகை வளைத்து மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறார்கள். மாலையில் கொடியில் துணி உலர்த்தக் கையைத் தூக்கினால் தோளில் சுரீரென்று வலிக்கிறது. கை 180 டிகிரி உயர்வதில் ஏறத்தாழ 60 டிகிரி, விலாக்கூட்டின் மேல் சறுக்கி நகரும் தோள்பட்டை எலும்பினால் கிடைப்பதாகும். மேல்முதுகு கூன் விழுந்து இறுகினால் அந்த நகர்வு குறைகிறது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தவே பிசியோதெரபிஸ்ட்டுகள் மேல்முதுகு எலும்புகளைக் கையால் சட்டென்று அழுத்துகிறார்கள்.

முதலில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் கூனி அமர்ந்து கையை மெதுவாக உயர்த்துங்கள்; பிறகு நிமிர்ந்து அமர்ந்து உயர்த்துங்கள். நிமிர்ந்தபோது கை கூடுதலாக எழுந்து வலியும் குறைந்தால், அதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் தவறாமல் சொல்லுங்கள். இன்னொருவர் தூக்கிவிட்டாலும் கை எழவில்லை என்றால், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, தோள்மூட்டின் உறையே இறுகியிருக்கலாம். அதை முதுகில் அழுத்தித் தீர்க்க முடியாது.

தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். விழுந்து அடிபட்டவர்கள், கை மரத்துப் பிடி தளர்ந்தவர்கள், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய், முதுகெலும்புக் காசநோய் அல்லது புற்றுநோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அழுத்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளக் கூடாது. முடிவெட்டிய கையோடு சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்கச் சம்மதிப்பதை நான் உறுதியாகத் தடுப்பேன். அரிதாக என்றாலும், கழுத்தின் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தது உண்டு.

சிகிச்சையின்போது பெரும்பாலும் மல்லாந்து படுக்க வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டச் சொல்லி, நீங்கள் மூச்சை விட்டு முடிக்கும் கணத்தில் அழுத்துவார்கள். ‘சடக்’ என்ற ஒலி மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாவதால் எழுவதேயன்றி, விலகிய எலும்பு பொருந்தியதால் அன்று. ஒலி வரவில்லை என்று வருந்த வேண்டாம். அழுத்தும் முன்பும் பின்பும் கையைத் தூக்கி வேறுபாட்டைப் பாருங்கள்.

நெதர்லாந்தில் 150 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவத்தோடு கழுத்து, மேல்முதுகு, விலா மூட்டுகளுக்கு இச்சிகிச்சையும் பெற்றவர்களில் 43 சதவீதத்தினர் 12 வாரங்களில் முழுக் குணம் கண்டதாகக் கூறினர். பெறாதவர்களில் 21 சதவீதத்தினரே அவ்வாறு கூறினர். ஆனால் தோள்தசை நாண் உரசும் வலிக்கு, மேல்முதுகு அழுத்தத்தை, அழுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்யும் சிகிச்சையோடு ஒப்பிட்ட பின்னாளைய ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆகவே இதைத் துணையாகவே கொள்ளுங்கள். கை எளிதாக உயரத் தொடங்கிய அன்றே பயிற்சியைத் தொடங்குவதுதான் முக்கியம்.

துண்டை இறுகச் சுருட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே குறுக்காக வைத்து மல்லாந்து படுத்துப் பத்து முறை மெதுவாக மூச்சு விடுங்கள். பிறகு சுவரில் உள்ளங்கைகளை வைத்து, வலி தாங்கும் உயரம் வரை சறுக்கி ஏற்றி இறக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை வேலையை விட்டு எழுந்து நிமிருங்கள். மூன்று நான்கு முறை சிகிச்சை பெற்றும் கை முன்னைவிட உயரவில்லை என்றால், அதை நிறுத்திவிட்டுத் தோளை மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.