போட்டோ இருக்கிறது சரி, பத்திரமாக இருக்கிறதா?

வேலூரில் ஏதாவது ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும்: "போன் போனா போவட்டும்ணா, உள்ள கொழந்த போட்டோ கீது, அத்த மட்டும் எடுத்துக் குடுங்க." கடைக்காரரும் பார்க்கிறேன் என்றுதான் சொல்வார். டிஸ்ப்ளே மட்டும் உடைந்திருந்தால் எடுத்துவிடலாம். மதர்போர்டே போயிருந்தால் கஷ்டம். பழைய போன்களில் மெமரி சிப்பைக் கழற்றி வேறு கருவியில் வைத்துப் படிக்க வழி இருந்தது. இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய நிலையில் இருக்கிறது, அந்தப் பூட்டின் சாவி அதே போனின் பிராசஸரோடு பிணைந்திருக்கிறது. சிப்பைத் தனியாக எடுத்துப் பயனில்லை. போர்டுக்கே உயிர் வந்தால்தான் உண்டு.

போனில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து என்று இன்று பலருக்கும் தெரியும். தெரிந்துதான் இன்னொரு இடத்திலும் போட்டு வைக்கிறார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தில்தான். அதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: முதல் பிரதி எந்தக் காரணத்தால் போகுமோ, அதே காரணத்தால் இதுவும் போகுமா? போகும் என்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

"ஃபேமிலி குரூப்பில் போட்டாச்சே"

இதுதான் எல்லா வீட்டிலும் கேட்கும் பதில். வள்ளிமலையில் மொட்டை அடித்து எடுத்த படம், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய படம், எல்லாம் குரூப்பில் இருக்கிறது, யார் போனிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை.

ஒரே படத்தை இரண்டு இடத்திலும் திறந்து, விவரம் என்ற பகுதியைப் பாருங்கள். கேமரா ஃபோல்டரில் இருப்பது 3, 4 எம்பி இருக்கும். வாட்ஸ்அப்பில் போய் வந்தது சில நூறு கேபி. போன் திரையில் வித்தியாசம் தெரியாது. ஆல்பம் போடும் அளவுக்குப் பெரிதாக்கும்போதுதான் முகம் மெழுகு பூசியதுபோல் வரும். அளவு குறைவதைவிட எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுவது தேதி. படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த நாள், நேரம், இடம் எல்லாம் வாட்ஸ்அப் வழியில் கழன்றுவிடும். அத்தை மூன்று வருடம் கழித்து மறுபடி அனுப்பினால், அது அன்றைக்கு எடுத்த படம்போல, குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அனுப்பத்தான் வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் மூலப் படம் மாறாமல் போகும். 'எச்டி' என்று தேர்ந்தால் பரவாயில்லை ரகம், ஆனால் அதுவும் சுருக்கத்தான் செய்கிறது.

கூகுள் போட்டோஸ் ஆன் செய்திருந்தும் ஏறாத படங்கள்

பேக்கப் ஆன் செய்திருப்பார்கள், ஆனால் ஒரு படம்கூட மேலே, அதாவது கிளவுட் என்கிற இணையச் சேமிப்பிடத்துக்கு, போயிருக்காது. காரணம் சாதாரணம். வைஃபை இருந்தால்தான் ஏற்றுவது என்பதுதான் அந்தச் செயலியின் வழக்கமான ஏற்பாடு. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கிராமத்து வீடுகளில் வைஃபை எங்கே இருக்கிறது? தினமும் ஒன்றரை, இரண்டு ஜிபி டேட்டா பிளானில்தான் குடும்பமே ஓடுகிறது. போன் வைஃபையைத் தேடிக்கொண்டே இருக்கும், படம் போனிலேயே இருக்கும். பேக்கப் அமைப்புக்குள் போய் மொபைல் டேட்டா பயன்பாட்டை அனுமதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் வைக்கலாம். அன்றைய டேட்டா மிச்சம் இருக்கும் ராத்திரியில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும்.

அடுத்தது இடம். முன்பு படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டார்கள். 2021 ஜூன் 1 முதல் அது இல்லை. இலவசம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில்தான் இடம் பிடிக்கிறது. ஐபோன்காரர்களுக்கு ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போய் 4கே-யில் வீடியோ எடுத்தால், ஐபோனில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும் (நொடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்தால்). கணக்குப் போட்டால் ஒன்றரை மணி நேர வீடியோவில் கூகுள் தரும் 15 ஜிபியும் காலி. வீட்டு விசேஷங்களுக்கு 1080பி போதும் என்பது என் கருத்து, நிமிடத்துக்கு 60 எம்பியோடு முடிந்துவிடும்.

இடம் தீர்ந்தால் பேக்கப் நின்றுவிடும், ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. மேலே வரும் அறிவிப்பை நாம் பத்து விளம்பரத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருப்போம். அதனால் மாதம் ஒருமுறை செயலியைத் திறந்து, மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டுப் பாருங்கள். பேக்கப் முடிந்தது என்று இருக்கிறதா, இத்தனை படம் பாக்கி என்று இருக்கிறதா என்பது அங்கே தெரியும். கேமரா அல்லாத மற்ற ஃபோல்டர்களைத் தனியாக ஆன் செய்தால்தான் ஏற்றும் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, எல்லாம் ஏறிவிட்டது. இப்போது போனில் இடம் இல்லை, அழிக்கிறோம். கூகுள் போட்டோஸுக்குள்ளேயே ஒரு படத்தை அழித்தால் அது போனிலும் போகும், மேலேயும் போகும், அதே கணக்கைத் திறந்து வைத்திருக்கும் எல்லா இடத்திலும் போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவுதான். ஐகிளவுட் போட்டோஸும் இதே மாதிரிதான், அங்கே 30 நாள். இது இரண்டு பக்கமும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஏற்பாடு, இங்கே செய்ததை அங்கேயும் செய்யும். பேரன் போனை வைத்து விளையாடும்போது ஒரு ஆல்பத்தை அழித்தால், உங்கள் சொல் எப்படியோ அப்படியே அவன் சொல்லையும் அது கேட்கும். நம் சோதனையில் இது தேறாது.

'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற பொத்தான் வேறு. அது மேலே ஏறிய படங்களின் போன் பிரதியை மட்டும் நீக்கும். நல்ல வசதிதான், தப்பே இல்லை. ஆனால் அதைத் தொட்ட நொடியில் இரண்டு பிரதி ஒரு பிரதியாகிவிடுகிறது. வேறு எங்காவது ஒரு பிரதி இருந்தால் மட்டும் தொடுங்கள்.

அந்த வேறு இடம் ஹார்டு டிஸ்க் என்றால்

500 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் என்று யாராவது விற்றால் நடையைக் கட்டுங்கள். உள்ளே இருப்பது 16 ஜிபியோ 32 ஜிபியோதான், கம்ப்யூட்டரிடம் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும்படி வைத்திருப்பார்கள். காப்பி செய்யும்போது எந்தக் குறையும் சொல்லாது. ஃபோல்டரில் பெயர்கள் வரிசையாகத் தெரியும். திறந்தால்தான் தெரியும், உண்மையான அளவைத் தாண்டிப் போனது எதுவும் பதிவாகவே இல்லை என்று. எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். புதிதாக எந்த பென்டிரைவ், மெமரி கார்டு வாங்கினாலும் படம் போடும் முன் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது. நல்ல பென்டிரைவே ஆனாலும், பல வருடம் மின்சாரம் படாமல் கிடந்தால் பதிவு மங்கக்கூடியதுதான். இடம் மாற்ற வைத்துக்கொள்ளுங்கள், காலத்துக்கும் சேமிக்க வேண்டாம்.

ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வாங்கும்போது வரும் சிக்கல் ஒன்று. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. டிரைவில் இடம் தாராளமாக இருக்கும், ஆனாலும் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும், நாம் அவசரத்தில் 'ஸ்கிப்' கொடுத்துவிடுவோம். இதில் விடுபடுவது எப்போதும் மிக நீளமான வீடியோ. அனேகமாக அது முகூர்த்தமாகத்தான் இருக்கும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும்.

'ரீப்ளேஸ்' என்று கேட்கும் பெட்டியிலும் இதே அவசரம் வேண்டாம். கேமராக்கள் படத்துக்கு நான்கு இலக்க எண் கொடுக்கின்றன, 9999 முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து. இரண்டு கேமரா இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரே பெயர், வேறு வேறு படம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி 'ரீப்ளேஸ்' கொடுத்தால், போன வருடத்துப் பொங்கல் படத்தின் மேல் இந்த வருடத்துப் பள்ளி ஆண்டு விழா வந்து உட்காரும். '2024-05 சிரசு', '2025-01 பொங்கல்' என்று ஆண்டை முன்னால் வைத்துத் தனித்தனி ஃபோல்டர் போட்டால் வரிசையும் தானாக அமையும்.

'கட்' செய்து 'பேஸ்ட்' செய்யவே கூடாது. காப்பி எடுங்கள், இரண்டு பக்கமும் எண்ணிக்கையும் மொத்த அளவும் சரியா என்று பாருங்கள். நடுவில் நாலு வீடியோவைத் திறந்து கடைசி நிமிடம்வரை தள்ளி ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அழிக்கலாம். ஒருமுறையாவது திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதி என்று ஒப்புக்கொள்வதில்லை.

வெயில் விஷயம் நம் ஊருக்கே உரியது. பல போர்ட்டபிள் ஹார்டு டிஸ்குகளுக்கு, ஓடும்போது சுற்றிலும் இருக்கலாம் என்று கம்பெனி சொல்லும் உச்ச வெப்பமே 35 டிகிரிதான். கத்திரியில் வேலூர் 40-ஐத் தாண்டும். மெத்தை மேல் வைத்து மத்தியானம் மூன்று மணிக்கு 500 ஜிபி காப்பி போட்டால் டிஸ்க் என்ன செய்யும்? பெரிய வேலைகளை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், மேசை மேல், ஃபேனுக்குக் கீழே. பைக் பெட்டியிலும் காரிலும் விட்டுவிட்டு லாங்கு பஜாருக்குள் போகாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கை அசைக்கவும் வேண்டாம்.

அதைவிடப் பெரிய தவறு, லேப்டாப், ஹார்டு டிஸ்க், பழைய ஆல்பம் மூன்றையும் ஒரே பீரோவில் வைப்பது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பீரோவின் கீழ்த்தட்டுக்கு வந்த தண்ணீர், இது முதல் பிரதி, இது இரண்டாவது என்று பார்க்குமா? திருடனும் அப்படித்தான், பையோடு எடுத்துப் போவான். டிஸ்கை எந்நேரமும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருந்தால் வைரஸும் இரண்டையும் சேர்த்தே பூட்டும்.

இதற்கு நம் பழக்கவழக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று சத்துவாச்சாரியில் உங்கள் வீட்டில், இன்னொன்று ராணிப்பேட்டையில் அக்கா வீட்டில் அல்லது குடியாத்தத்தில் மாமியார் வீட்டில். ஆடிக் கிருத்திகைக்கும் பொங்கலுக்கும் எப்படியும் போகப் போகிறீர்கள். புதுப் படங்கள் ஏற்றிய டிஸ்கைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை வாங்கி வந்துவிடுங்கள். அக்கா வீட்டுப் படங்களையும் அதே டிஸ்கில் தனி ஃபோல்டரில் போட்டுக்கொண்டால் செலவு பாதி. கிளவுடில் ஒன்று, கையில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று என்று ஆகிவிடும்.

ஓடிபி யாருக்குப் போகிறது?

வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், பட்டாளத்துக்குப் போனவர்கள் அவ்வளவு பேர். அந்த ஊர் மட்டும் இல்லை, இந்தப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைதான் அப்பா அம்மாவுக்கு ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பான், தன் நம்பரையே கொடுத்திருப்பான். அவன் எல்லையில் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பான், இங்கே புது போன் வாங்கிய அப்பாவிடம் ஓடிபி கேட்கும். படங்கள் எல்லாம் பத்திரமாக மேலே இருக்கும், கதவுதான் திறக்காது.

பழைய சிம்மும் இப்படித்தான். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத நம்பரைக் கம்பெனிகள் நிறுத்தலாம், பிறகு அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். கூகுள் கணக்கில் 8 இலக்கத்தில் 10 ரகசிய எண்கள் ('பேக்கப் கோட்ஸ்') தருவார்கள். அச்செடுத்து, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் கவரிலேயே வையுங்கள். ஓடிபி வராத நாளில் அந்தக் காகிதம் கதவைத் திறக்கும்.

இறந்தவர்களின் கணக்கைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். கூகுளில் இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத கணக்கை உள்ளிருப்பதோடு சேர்த்து நீக்கிவிடலாம் என்பது விதி. தாத்தாவின் போனில் அவர் எடுத்து வைத்த படங்கள் அப்படித்தான் போகும். 'இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற இடத்தில், 3 மாதம் முதல் 18 மாதம்வரை நான் உள்ளே வராவிட்டால் இவர்களிடம் கொடுங்கள் என்று 10 பேர் வரை குறித்து வைக்கலாம். ஆப்பிளில் இதற்கு 'லெகசி கான்டாக்ட்' என்று பெயர். பெரியவர்கள் உயிரோடு, நல்லபடியாக இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து செய்துவிட வேண்டிய வேலை இது.

ஸ்டூடியோவை நம்பி இருப்பவர்கள் சீக்கிரம் போய்க் கேளுங்கள். அவர்களுக்கும் அடுத்த முகூர்த்தத்துக்கு டிஸ்கில் இடம் வேண்டும், காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள். வீடியோ கேசட் இன்னும் பரணில் கிடந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டும் டெக் கிடைப்பதே அரிதாகி வருகிறது, ரிப்பேருக்கு ஆள் அதைவிட அரிது. மாற்றித் தருபவரிடம் டிவிடியாக வாங்க வேண்டாம், இன்றைய லேப்டாப்பில் அதைப் போட இடமே இல்லை. எம்பி4 கோப்பாக உங்கள் டிஸ்கிலேயே போடச் சொல்லி, அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, கேசட்டையும் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.