மவுன்டன் பைக்: விழுந்து வளைந்த வீலை மாற்றுவது எப்படி?

வீலைக் கழற்றி மாட்டுவது பத்து நிமிட வேலை. தப்பான வீலை வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புவதுதான் பத்து நாள் வேலை. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி அளவெடுப்பதைப் பற்றித்தான் இருக்கும். பஞ்சர் ஒட்டத் தெரியும், ஆலன் கீ பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

மாற்றத்தான் வேண்டுமா?

பைக்கைத் தலைகீழாக நிறுத்துங்கள். பின் வீல் என்றால் ஃப்ரேமிலும், முன் வீல் என்றால் ஃபோர்க்கிலும் ஒரு ஜிப் டை கட்டி, அதன் வால் ரிம்மை உரசும் அளவுக்கு நறுக்கிவிடுங்கள். வீலைச் சுற்றினால் கோட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று கண்ணுக்கே தெரியும். 3 மி.மீ.க்குள் இருந்தால் கோட்டம் எடுத்தாலே போதும், புது வீல் வேண்டாம். 5 மி.மீ.யைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். ரிம் உலோகமே வளைந்திருந்தால் ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கி நேராகக் காட்டிவிடலாம்தான். ஆனால் சில கம்பிகள் விறைத்து நிற்கும், பக்கத்துக் கம்பிகள் தொளதொளவென்று கிடக்கும். விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே சத்தம் கொடுக்க வேண்டும். ஒன்று ‘டிங்’, அடுத்தது ‘தொப்’ என்றால் அந்த ரிம்மின் கதை முடிந்தது.

எட்டு போல மடங்கிய ரிம்மைக் காலால் மிதித்து ஓரளவு நிமிர்த்தலாம். பைக்கை உருட்டிக்கொண்டு வெளியே வருவதற்கு மட்டும்தான் அது உதவும். கார்பன் ரிம்மில் விரிசல் இருந்தாலோ, ஹப்பில் (வீலின் நடுப்பகுதி) கம்பி மாட்டும் துளை கிழிந்திருந்தாலோ பேச்சே இல்லை, மாற்றியாக வேண்டும்.

ரிம்மை மட்டும் மாற்றினால் செலவு குறையாதா? குறையும். புது ரிம்மில் அதே எண்ணிக்கை துளைகள் (28 அல்லது 32) இருக்க வேண்டும், கம்பி நீளத்தைத் தீர்மானிக்கும் ஈஆர்டி என்ற விட்டமும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். வீல் பின்னத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அதைச் செய்யுங்கள். முதல் முறை கை வைப்பவருக்கு முழு வீல்தான் என் சிபாரிசு.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

முதலில் வீல் அளவு. டயரின் பக்கவாட்டில் 29 × 2.4 என்பதற்குப் பக்கத்தில் 61-622 போன்ற இன்னொரு எண்ணும் இருக்கும். அந்த மூன்றிலக்க எண்தான் நம்பகமானது: 559 என்றால் 26 இஞ்ச், 584 என்றால் 27.5, 622 என்றால் 29. முன்னால் 29, பின்னால் 27.5 போட்ட பைக்குகளும் உண்டு. ஒரு டயரைப் பார்த்துவிட்டு இரண்டுக்கும் முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது ஆக்சில். ஆர்டர் தப்பாகப் போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் எண் ஹப்பின் அகலம், இரண்டாவது ஆக்சிலின் விட்டம், இரண்டும் மி.மீ.யில். பூஸ்ட் என்றால் அகலமான ஹப் வகை. முன் வீலில் இப்போது அதிகம் காண்பவை 100 × 15, 110 × 15 பூஸ்ட். பழைய பைக் என்றால் 100 மி.மீ. க்விக் ரிலீஸ் (லீவரால் கழற்றும் மெல்லிய ஆக்சில்). பின் வீலில் க்விக் ரிலீஸ் என்றால் 135. த்ரூ ஆக்சில் (ஹப்பை ஊடுருவி ஃப்ரேமில் திருகும் தடித்த ஆக்சில்) என்றால் 142 × 12, 148 × 12 பூஸ்ட், சில பைக்குகளில் 157 × 12.

பலர் ஃப்ரேமின் இரண்டு பின்கால்களுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளக்கிறார்கள். 135 என்று வருகிறது. க்விக் ரிலீஸ் வீலை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அது 142 ஃப்ரேமாக இருக்கலாம். காரணம், த்ரூ ஆக்சில் ஃப்ரேமின் உட்பக்கத்தில் ஹப் உட்காருவதற்கு இரு புறமும் 3.5 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கும். ஸ்கேல் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது, ஹப் பள்ளத்துக்குள் போய் உட்காருகிறது. 135 + 3.5 + 3.5 = 142. இதே கணக்கில் ஸ்கேல் 141 காட்டினால் அது 148 பூஸ்ட்.

ஆகவே ஃப்ரேமை விட்டுவிடுங்கள். வளைந்த வீலின் ஹப் நன்றாகத்தானே இருக்கிறது! அதன் ஒரு முனை மூடியிலிருந்து மறுமுனை மூடி வரை வெர்னியர் காலிப்பரால் அளங்கள். 142 என்றால் 142தான். ஆக்சில் நுழையும் துளையையும் அளந்துவிடுங்கள். இதற்குப் பிளாஸ்டிக் வெர்னியரே போதும்.

142 வீலை 148 ஃப்ரேமில் போட இரு பக்கமும் 3 மி.மீ. வைக்கும் அடாப்டர் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது. ஆனால் ரோட்டரையும் (டிஸ்க் பிரேக்கின் வட்டத்தகடு) அதே 3 மி.மீ. வெளியே தள்ள ஸ்பேசர் வேண்டும், அதற்கு நீளமான போல்ட்டும் வேண்டும். கையில் பழைய வீல் சும்மா கிடந்தால் செய்யலாம். புதிதாகக் காசு கொடுத்து வாங்கும்போது எதற்கு இந்தத் தலைவலி? இன்னொன்று: பழைய டவுன்ஹில் ஃபோர்க்கின் 110 × 20-உம் பூஸ்ட் 110-உம் எண்ணில் ஒத்திருந்தாலும் ரோட்டர் நிற்கும் இடம் வேறு. 110-ஐ மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

மூன்றாவது ஃப்ரீஹப், அதாவது கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) ஏறும் உருளை, பின் வீலுக்கு மட்டும். கேசட்டின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் பற்களை எண்ணுங்கள். 11 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் ஹெச்ஜி வகை ஃப்ரீஹப். 10 என்றால், கியர் செய்யும் நிறுவனங்களில் ஷிமானோவில் மைக்ரோ ஸ்ப்ளைன், ஸ்ராமில் எக்ஸ்டி. ஸ்ராம் ஈகிள் என்று எழுதியிருந்தாலே எக்ஸ்டி என்று நினைக்க வேண்டாம். என்எக்ஸ், எஸ்எக்ஸ் வகைகளின் 11-50 கேசட் ஹெச்ஜி மேல்தான் ஏறும். விலை குறைந்த 7 கியர் பைக்குகளில் ஃப்ரீஹப்பே இருக்காது, மறையில் திருகும் ஃப்ரீவீல் இருக்கும். அதற்கு ஹப்பே வேறு.

நான்காவது ரோட்டர் பொருத்தும் விதம்: ஆறு போல்ட்டு அல்லது சென்டர் லாக் (நடுவில் ஒரே வளையத்தால் இறுக்குவது). ஆறு போல்ட்டு ரோட்டரைச் சென்டர் லாக் ஹப்பில் மாட்ட அடாப்டர் உண்டு. தலைகீழாகச் செய்ய வழியில்லை.

ரிம்மின் உள்ளகலம் பழையதற்குப் பக்கத்தில் இருந்தால் போதும். 2.4 டயருக்கு 30 மி.மீ. நன்றாகப் பொருந்தும்.

கழற்றுவது

பின் வீல் என்றால் செயினை மிகச் சிறிய பல்லுக்கு இறக்குங்கள். டிரெய்லரில் (derailleur, கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பின்பக்கக் கருவி) கிளட்ச் சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். வீலை எடுத்ததும் முதல் வேலை, பிரேக் பேடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டையோ மடித்த அட்டையையோ செருகுவது. வீல் இல்லாதபோது யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து நிற்கும், புது வீலின் ரோட்டர் உள்ளே நுழையாது. அப்படி ஆகிவிட்டால் பிளாஸ்டிக் டயர் லீவரால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பேடில் கீறல் விழும்.

ஆக்சிலைக் கண்ணாடி மேஜை மேல் உருட்டிப் பாருங்கள். தடதடவென்று ஆடினால் அதுவும் வளைந்திருக்கிறது. புது ஆக்சில் வாங்கும்போது நீளத்தோடு மறையின் இடைவெளியும் (1.0, 1.5, 1.75 மி.மீ.) ஒத்திருக்க வேண்டும். வீல் வளையும் அளவுக்கு அடி விழுந்திருக்கிறது என்பதால் ஃபோர்க் கால்களையும், ஹெட் டியூபுக்குக் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) கீழே பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

புது வீலைத் தயார் செய்வது

முதலில் ரிம் டேப்பும் டயரும், அப்புறம்தான் ரோட்டர், கடைசியில் கேசட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சீலன்ட் (ட்யூப் இல்லாத டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) தெறித்து ரோட்டரில் பட்டால் பிரேக் கத்தும், பேடைத் தூக்கிப் போட வேண்டி வரலாம்.

ட்யூப்லெஸ் என்றால் ரிம்மின் உட்பக்கத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளகலத்தைவிட 3 முதல் 5 மி.மீ. அகலமான டேப்பை, வால்வு துளைக்கு 10 செ.மீ. முன்பு ஆரம்பித்து, நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டிக்கொண்டே வந்து, துளையைத் தாண்டி 10 செ.மீ. வரை மேலே மடித்து முடியுங்கள். நடுப்பள்ளத்தில் டேப் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும். காற்று கசிவது பெரும்பாலும் இந்தத் தொங்கலில்தான். வால்வுக்குத் துளையைக் கத்தியால் கிழிக்காமல், சூடாக்கிய ஊசியால் குத்தினால் டேப் பிளந்துகொண்டே போகாது. வால்வு நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். 29 × 2.4 டயருக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட் போதும். டயர் ஏற மறுத்தால் வால்வின் உட்கருவைக் கழற்றிவிட்டுக் காற்றடியுங்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறது, மறக்க வேண்டாம்.

ரோட்டர் போல்ட்டுகளுக்கு டி25 (நட்சத்திர வடிவ) பிட். பிட்டை ஒரு தட்டுத் தட்டி முழுசாக உள்ளே உட்கார வைத்த பிறகே திருப்புங்கள். தலை வழுக்கிப் போன ரோட்டர் போல்ட்டைக் கழற்றுவது தனிப் பதிவாக எழுத வேண்டிய கொடுமை. இறுக்கும்போது ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எவ்வளவு என்பது பிராண்டைப் பொறுத்தது. ஸ்ராம் 6.2 நியூட்டன் மீட்டர் சொல்கிறது, ஷிமானோ 2 முதல் 4. உங்கள் ரோட்டருக்கு உரியதைப் பாருங்கள். ரோட்டரை விளிம்பில் பிடியுங்கள், விரல் எண்ணெய்கூடப் படக் கூடாது.

கேசட்டைக் கழற்றச் செயின் விப்பும் (பல்சக்கரம் சுழலாமல் பிடிக்கும் கருவி), அதைப் பூட்டும் வளையமான லாக் ரிங்கைத் திருப்பும் டூலும் வேண்டும். மாட்டும்போது விப் தேவையில்லை. ஹெச்ஜி ஃப்ரீஹப்பில் ஒரு பள்ளம் மட்டும் மற்றவற்றைவிடக் குறுகலாக இருக்கும், கேசட்டிலும் அதே போல ஒன்று. இரண்டையும் நேர்படுத்தினால் தானாக வழுக்கி உள்ளே போகும். போகவில்லை என்றால் சுத்தியலைத் தேடாதீர்கள், திருப்பிப் பாருங்கள். லாக் ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு: 25 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் சுமார் 16 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. பலர் நினைப்பதைவிட இது அதிகம். எக்ஸ்டி கேசட்டுக்குத் தனி லாக் ரிங் கிடையாது, கேசட்டோடு சேர்ந்த குழலே மறையில் திருகும். மறையில் கிரீஸ் தடவி, முதல் இரண்டு சுற்றைக் கையாலேயே திருப்புங்கள்.

மாட்டிய பிறகு

ஆக்சிலில் லேசாகக் கிரீஸ் தடவி, அதன் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். ரோட்டர் உரசும், அது சகஜம். வேறு ஹப் என்றால் ரோட்டர் மில்லிமீட்டருக்குக் குறைவாகவாவது இடம் மாறியிருக்கும். பிரேக் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மாறி மாறி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் ஒரே இடத்தில் ‘சிக் சிக்’ என்று கேட்டால் விழுந்ததில் ரோட்டரே வளைந்திருக்கிறது.

ரிம் இரு பக்கமும் சம தூரத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். சில கேனன்டேல் ஃப்ரேம்களில் பின்பகுதியே 6 மி.மீ. வலப்பக்கம் தள்ளியிருக்கும். அவற்றில் சாதாரண வீல் நடுவில் நிற்காது, கம்பிகளைச் சரிசெய்து ரிம்மைத் தள்ள வேண்டும்.

கியர் குதிக்கிறது என்று கேபிளைத் திருகித் திருகி ஓய்ந்துபோவதற்கு முன், டிரெய்லர் தொங்கும் ஹேங்கரைச் சந்தேகப்படுங்கள். விழும்போது வளைவதற்கென்றே செய்யப்பட்ட துண்டு அது. பின்னாலிருந்து பார்த்தால் டிரெய்லரின் கூண்டு பல்சக்கரங்களுக்கு இணையாகத் தொங்க வேண்டும். ஹேங்கர் கேஜ் (ஹேங்கரின் வளைவை அளக்கும் கருவி) ரிம்மை வைத்துத்தான் அளக்கிறது, அதனால் இந்தச் சோதனையை வளைந்த வீலில் செய்து பயனில்லை, புது வீலை மாட்டிய பின்தான் செய்ய வேண்டும். ரிம்மின் நான்கு பக்கமும் வேறுபாடு 4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 12 கியர் என்றால் அதையும்விடக் குறைவாக. ஒரு தடவை நிமிர்த்தலாம். இரண்டாம் தடவை வளைந்ததை மாற்றிவிடுங்கள்.

பிறகு லோ லிமிட் ஸ்க்ரூ, அதாவது டிரெய்லர் உள்பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுக்கும் திருகு. இதைச் சரிபார்க்காமல் ஓட்டாதீர்கள். பெரிய பல்லில் இருக்கும்போது டிரெய்லரைக் கையால் உள்பக்கம் தள்ளிப் பாருங்கள். கூண்டு கம்பியைத் தொட்டால், ஒரு ஏற்றத்தில் செயின் கம்பிகளுக்குள் விழுந்து புது வீலும் போய்விடும்.

பின்சேர்க்கை

ஓட்டத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் கம்பிகள் ‘டிங் டிங்’ என்று சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம், முறுக்கு விடுபட்டு அமர்கின்றன. சத்தம் நின்ற பிறகு எல்லாக் கம்பிகளையும் மறுபடி ஒருமுறை சுண்டிப் பாருங்கள். தளர்ந்தவற்றை இப்போதே இறுக்காவிட்டால் கோட்டம் திரும்ப வரும்.

புது ரோட்டரோ பேடோ போட்டிருந்தால் பிரேக் முதலில் பிடிக்காது. சமதரையில் மிதமான வேகத்தில் போய், நிற்கும் அளவுக்கு மெதுவாகும் வரை அழுத்தி, முழுதாக நிற்கும் முன் விட்டுவிட வேண்டும். இப்படி இருபது தடவை செய்த பிறகு இறக்கத்துக்குப் போங்கள்.