கேம்ல லேக் அடிக்குதா? பிளான் மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பிங் போட்டுப் பாருங்க

கும்பகோணம் பக்கம் எங்க தெருப் பசங்க லேக் அடிச்சா உடனே 100 எம்பிபிஎஸ் பிளான 200 ஆக்கிடுறாங்க, காசு போகுது, லேக் போகல. மேட்ச் ஓடும்போது பெரும்பாலான கேம் 1 எம்பிபிஎஸ் கூட எடுக்காதுங்க, பிங் (டேட்டா போயிட்டுத் திரும்பி வர்ற நேரம், மில்லிசெகண்டுல) ஒரே சீரா இருக்கணும், பாக்கெட் (டேட்டா போற சின்னச் சின்னத் துண்டு) தொலையக் கூடாது, அவ்ளோதான் வேணும். அதனால கோளாறு வீட்டுக்குள்ளயா வெளியவான்னு மொதல்ல பிரிச்சுப் பாருங்க.

விண்டோஸ் கம்ப்யூட்டர்ல கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை டைப் பண்ற கருப்புத் திரை) ரெண்டு விண்டோ திறந்து ஒண்ணுல ரூட்டருக்கு பிங் போடுங்க (பல ரூட்டர்ல 192.168.1.1, சிலதுல 192.168.0.1), இன்னொண்ணுல 8.8.8.8க்கு (வெளிய இருக்குற கூகுள் சர்வர்), ரெண்டுலயும் கடைசில ஸ்பேஸ் விட்டு மைனஸ் டி சேத்தா (ping 8.8.8.8 -t மாதிரி) நிக்காம ஓடிட்டே இருக்கும். காலைல சும்மா இருக்கும்போது பாத்துப் பிரயோஜனம் இல்ல, லேக் அடிக்கிற நேரத்துலயே பாருங்க.

ரூட்டர் பிங்கே குதிச்சா வெளிய யார் மேலயும் தப்பு இல்ல. எங்க அண்ணன் பையனுக்கு இதான். 2, 3, 2ன்னு வந்துட்டு இருந்தது திடீர்னு 186, அடுத்த வரி ரிக்வஸ்ட் டைம்ட் அவுட். பழைய ஓட்டு வீடு, ரூட்டர் ரேழில, அவன் விளையாடுறது ரெண்டாங்கட்டுல, நடுவுல ஒன்றரை அடி செங்கல் சுவரு ரெண்டு, போதாததுக்கு இரும்பு பீரோ. வைஃபையோட 5 கிகாஹெர்ட்ஸ் அலை அங்க எட்டவே எட்டாது, 2.4 எட்டும், ஆனா சுவரோட சுவர் ஒட்டுன தெருவுல எல்லார் வீட்டு வைஃபையும் அதுலதான் முட்டிக்கிட்டு நிக்குது. கேட் 6 கேபிள் (ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற நெட்வொர்க் வயர்) 20 மீட்டர் வாங்கி உத்தரத்து ஓரமா கிளிப் அடிச்சு இழுத்தோம், அன்னிக்கு ராத்திரியே ரூட்டர் பிங் 1க்கு மேல ஏறல. 100 மீட்டர் வரைக்கும் இந்த கேபிள் தாங்கும், ஆனா கொல்லை தாண்டி அடுத்த வீட்டுக்கு வெளியில இழுக்காதீங்க, ஐப்பசி கார்த்திகைல இடி மின்னல் அது வழியா வந்து ரூட்டரயும் கம்ப்யூட்டரயும் சேத்து காலி பண்ணிடும். மொபைல்ல ஆடுறவங்க ரூட்டர் இருக்குற ரூம்லயே உக்காந்து 5 கிகாஹெர்ட்ஸ்ல ஆடுங்க, 2.4தான்னா சேனல் 1, 6, 11 மூணுல எது காலியா இருக்கோ அத வைங்க.

ரூட்டர் பிங் நல்லா இருந்து 8.8.8.8 மட்டும் எகிறுதா, அப்பயும் உடனே கேபிள்காரருக்கு போன் போடாதீங்க. வீட்ல யாராச்சும் கல்யாண வீடியோவ அப்லோட் பண்ணிட்டு இருப்பாங்க, அப்லோட் வரிசை ரொம்பிடுச்சுன்னா கேம் பாக்கெட்டும் அதுக்குப் பின்னாடி நிக்கணும், 30ல இருந்த பிங் 300 ஆவுறது இப்படித்தான். ரூட்டர்ல க்யூஓஎஸ் (எந்த டேட்டா எவ்ளோ வேகத்துல போகணும்னு கட்டுப்படுத்துற செட்டிங்) இருந்தா அப்லோட உங்க லைனோட அப்லோட் ஸ்பீடுல 85 சதவீதத்துக்கு கட்டிப் போடுங்க.

யாருமே எதுவும் பண்ணல, ஆனாலும் எகிறுதுன்னா பெரும்பாலும் வெளிய இருந்து வர்ற லைன்லதான் கோளாறு. ஃபைபர் லைன்னா ரூட்டர் பேஜ்ல (பிரவுசர்ல அந்த 192.168 நம்பர அடிச்சா வர்றது) ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர்னு ஒண்ணு இருக்கும், ஃபைபர்ல வந்து சேர்ற வெளிச்சத்தோட பலம் அது, மைனஸ் 15லேர்ந்து 25க்குள்ள இருந்தா கவலை இல்ல, மைனஸ் 27க்குக் கீழ போனா கனெக்ஷன் விட்டு விட்டு அறுபடும். மொதல்ல ரூட்டர் பின்னாடி போற மெல்லிசு ஃபைபர் வயர் எங்கயாச்சும் மடங்கியோ நசுங்கியோ இருக்கான்னு பாருங்க, ஃபைபர் முனைய மட்டும் கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்காதீங்க, அந்த வெளிச்சம் தெரியாது, ஆனா கண்ண கெடுக்கும். நம்ம பக்கம் போஸ்ட்லேர்ந்து வர்ற வயர்ல தென்ன மட்டை விழுறது, அணில் கடிக்கிறது, ஜாயிண்ட் பாக்ஸ்ல மழைத்தண்ணி எறங்குறதெல்லாம் சாதாரணம்.

இன்னொண்ணு, சர்வர் எங்க இருக்குன்னும் பாத்துக்கோங்க. தஞ்சாவூர்லேர்ந்து மும்பை நேர்கோட்டுலயே 1000 கிலோமீட்டருக்கு மேல, ஃபைபர்ல வெளிச்சம் போயிட்டு வரவே 10 மில்லிசெகண்டுக்கு மேல ஆயிடும், லைன் சுத்திப் போறதால இன்னும் கூடும், டிஎன்எஸ் (சைட் பேர ஐபி நம்பரா மாத்திக் குடுக்குற சர்வர்) மாத்துனா அது கொறையாது.

லைன்தான்னு தெரிஞ்சா கேபிள்கார அண்ணன்கிட்ட சும்மா "நெட்டு ஸ்லோ"ன்னு சொல்லாதீங்க, ரெண்டு பிங் விண்டோவும் மணி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட், கூடவே அந்த ஆர்எக்ஸ் பவர் நம்பர், ரெண்டையும் வாட்ஸப்ல அனுப்புங்க. நான் மைனஸ் 29ன்னு அனுப்புன மறுநாள் காலைல ஏணியோட வந்துட்டாரு, போஸ்ட் பாக்ஸ தொறந்தா உள்ள தண்ணி, ஜாயிண்ட புதுசா அடிச்சதும் மைனஸ் 21.