அம்மாவின் பால் நோட்டிலிருந்து பைத்தான்

என் அண்ணன் மகள் பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், "அத்தை, கோடிங் கத்துக்கணும். ஆனா வீடியோ பார்த்தா ரெண்டாவது நிமிஷமே புரியாம போயிடுது" என்றாள். அந்த வீடியோக்களை நானும் பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே ஏதோ ஒரு வெளிநாட்டுப் பூவின் இதழ் நீளங்களைக் கொட்டி அதற்குச் சராசரி கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பூவை அவள் பார்த்ததே இல்லை. விடை தப்பாக வந்தாலும் தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அதனால் எங்கள் அம்மாவின் பால் நோட்டை எடுத்தேன். அம்மாவிடம் ஒரு ஜெர்சி மாடு இருக்கிறது. காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றுகிறார். எவ்வளவு லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல தரவு கிடையாது என்பது என் கருத்து. உங்கள் வீட்டில் மாடு இல்லையென்றால் கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, மளிகைக் கணக்கு என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்ததும் சரியா தப்பா என்று உங்களுக்கே தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை கணினியில் இல்லை, பேப்பரில்தான். அம்மா ஒரே கட்டத்தில் "5.2 / 3.1" என்று காலையையும் மாலையையும் சேர்த்து எழுதியிருந்தார். சில இடங்களில் "4½". மனிதருக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. ஒரு முறை பால் ஊற்றினால் ஒரு வரி என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வரியிலும் தேதி, காலையா மாலையா, லிட்டர், கொழுப்பு. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு விஷயம். "இந்த அட்டவணையில் ஒரு வரி என்றால் என்ன?" என்று யாராவது கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்ல வர வேண்டும். அது வராமல் மேலே போகாதீர்கள்.

அப்புறம் பைத்தான், அதாவது கணினிக்குக் கட்டளை எழுதும் ஒரு நிரல் மொழி. பைத்தானை எழுதி ஓட்டிப் பார்க்கும் இணையதளமான கூகுள் கோலாப் என்பதை பிரவுசரில் திறந்தால் போதும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், போனிலேயே ஓடும். பலருக்குத் தெரியாத ஒன்று: பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். கீழே உள்ள வரி அப்படியே வேலை செய்யும்.

காலைப்பால் = 5.2

இதுதான் வேரியபிள், தமிழில் மாறி. ஒரு டப்பாவுக்குச் சீட்டு ஒட்டி உள்ளே ஒன்றைப் போட்டு வைப்பது போல. ஆனால் அந்த = கணக்குப் பாடத்துச் சமக்குறி இல்லை; "வலது பக்கம் இருப்பதை இடது பக்கப் பெயரில் வை" என்ற கட்டளை. அதனால்தான் கொஞ்ச நேரத்தில் வரப்போகும் மொத்தம் = மொத்தம் + அளவு என்ற வரியில் தப்பே இல்லை.

எண்ணும் எழுத்தும் வேறு வேறு. 5.2 + 3.1 என்று கொடுத்தால் 8.3 வரும். இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போட்டு "5.2" + "3.1" என்று கொடுத்தால் 5.23.1 என்று ஒட்டிக் காட்டும். மேற்கோளுக்குள் இருப்பது கணினிக்கு வெறும் எழுத்துதான். எக்செல் கோப்பிலிருந்து வரும் தரவில் இந்தத் தொல்லை அடிக்கடி வரும். கூட்டல் விசித்திரமாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இப்போது பத்து நாள் காலைப் பாலை ஒரு லிஸ்டில் போடுவோம். நான்காம் நாள் அம்மா வெறும் கோடு போட்டிருந்தார்.

பால் = [5.2, 5.0, 5.1, நன், 5.3, 5.0, 2.1, 4.9, 5.2, 5.1]

நன் என்ற சொல்லை மட்டும் ஆங்கிலத்தில், முதல் எழுத்தைப் பெரிதாக வைத்து None என்று தட்டச்சு செய்யுங்கள். "இங்கே மதிப்பு ஒன்றும் இல்லை" என்பதைப் பைத்தானிடம் சொல்லும் சொல் அது. பைத்தான் 0-விலிருந்து எண்ணத் தொடங்கும். முதல் நாள் பால்[0], ஏழாம் நாள் பால்[6]. ஏழாம் நாளைக் கேட்டால் 2.1 வருகிறது, சரி. அந்தக் கோட்டை லிஸ்டிலிருந்து தூக்கிவிட்டால்? எல்லாமே ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிடும். பால்[6] இப்போது 4.9 என்று சொல்லும், எட்டாம் நாள் பாலை ஏழாம் நாள் என்று நம்பிவிடுவோம். வெற்றிடத்துக்கும் ஓர் இடம் வேண்டும்.

இனி கூட்ட வேண்டும். பத்து எண்களைக் கையால் கூட்டலாம், பத்தாயிரம் வந்தால் முடியாது. அதற்குத்தான் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் லூப்.

மொத்தம் = 0
நாள் = 0
ஃபார் அளவு இன் பால்:
    இஃப் அளவு இஸ் நாட் நன்:
        மொத்தம் = மொத்தம் + அளவு
        நாள் = நாள் + 1

ஃபார், இன், இஃப், இஸ் நாட் ஆகியவை பைத்தானின் சொந்தச் சொற்கள், அவற்றையும் ஆங்கிலத்தில்தான் (for, in, if, is not) அடிக்க வேண்டும். மற்றவை நம் பெயர்கள். வாய்விட்டுப் படியுங்கள்: "பால் லிஸ்டில் உள்ள ஒவ்வொன்றையும் எடு. அதற்கு அளவு என்று பெயர் வை. அது வெற்றிடமாக இல்லாவிட்டால் மொத்தத்தில் சேர், நாளில் ஒன்று கூட்டு." வரியின் முன்னால் விட்ட இடைவெளி அழகுக்காக இல்லை, எது எதற்குள் அடங்கும் என்பதை அதுதான் சொல்கிறது. இஃப் வரி இல்லாமல் ஓட்டிப் பாருங்கள், நான்காவது சுற்றில் சிவப்பு எழுத்தில் பிழை வரும். எண்ணோடு வெற்றிடத்தைக் கூட்ட முடியாது என்கிறது. அவள் பயந்துவிட்டாள். "பயப்படாதே, அந்தப் பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் படி" என்றேன். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும்.

மொத்தம் 42.9, நாள் 9. மொத்தத்தை நாளால் வகுத்தால் சராசரி 4.77 லிட்டர். சில நேரம் 42.9-க்குப் பின்னால் நீளமாகப் பூஜ்யங்களும் ஒரு எண்ணும் தெரியலாம். கணினி தசம எண்களை இரும எண்களாக வைப்பதால் வருவது அது, 0.1 + 0.2 கொடுத்தால்கூட 0.30000000000000004 என்றுதான் காட்டும். அச்சிடும்போது ரவுண்டு செய்துகொள்ளலாம்.

அவள் கேட்டாள்: "அத்தை, கோட்டுக்குப் பதிலா 0 போட்டா என்ன?" போட்டால் பத்தால் வகுப்போம், சராசரி 4.29 ஆகிவிடும். எது சரி? அப்பத்தாவிடமே கேட்டு வரச் சொன்னேன். அன்றைக்கு வீட்டில் விசேஷம், கறந்த பாலை அளக்காமலே சமையலுக்கு எடுத்துக்கொண்டார்களாம். அப்படியானால் "மாடு எவ்வளவு கறக்கிறது?" என்ற கேள்விக்கு அந்த நாள் தெரியாத நாள், விட்டுவிட வேண்டும். "சொசைட்டியில் எவ்வளவு ஊற்றினோம்?" என்ற கேள்விக்கு அது உண்மையான 0. ஒரே கோடுதான், கேள்வி மாறினால் அதன் பொருளும் மாறுகிறது. இதை எந்த நிரலும் உங்களுக்காக முடிவு செய்யாது. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் விற்பனை அறிக்கை ஒன்றில், கடை மூடியிருந்த நாட்களையும் 0 என்று யாரோ நிரப்பி வைத்திருந்தார்கள். நன்றாக ஓடிய சரக்கின் சராசரி இறங்கித் தெரிந்தது, அதற்கான ஆர்டரையே குறைத்துவிட்டார்கள். பின்னாளில் அட்டவணைத் தரவுக்கான பைத்தான் கருவியான பாண்டாஸ் கற்கும்போது நினைவில் வையுங்கள்: அதில் சராசரி கேட்டால் வெற்றிடங்களைத் தானாகவே விட்டுவிட்டுத்தான் கணக்கிடும். உங்கள் கேள்விக்கு அது சரிதானா என்று பார்ப்பது உங்கள் வேலை.

அடுத்து அந்த 2.1. ஒன்பது எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பது 5.1. இதுதான் இடைநிலை அளவு. சராசரி 4.77, ஆனால் ஒன்பது நாளில் எட்டு நாள் மாடு 4.9-க்குக் குறையவே இல்லை! ஒரே ஒரு நாள் சராசரியைக் கீழே இழுத்திருக்கிறது. "வழக்கமாக எவ்வளவு?" என்று கேட்டால் 5.1 என்பதே நியாயமான பதில். ஆனால் 2.1-ஐ அழிக்கக் கூடாது. அவள் மறுபடியும் அப்பத்தாவிடம் ஓடினாள். "அன்னைக்குக் கன்னு கயித்த அவுத்துக்கிட்டு ஊட்டிருச்சு" என்று பதில் வந்தது. மாட்டுக்கு நோயும் இல்லை, எழுதியதில் தப்பும் இல்லை.

கடைசியாகக் கொழுப்பு. ஒரு நாள் காலை 5 லிட்டர், கொழுப்பு 3.8. மாலை 3 லிட்டர், 4.6. அன்றைய கொழுப்பு எவ்வளவு? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 4.2 என்றாள். இரண்டையும் ஒரே கேனில் ஊற்றுவதாக நினைத்துப் பார்க்கச் சொன்னேன். காலைப் பால்தான் அதிகம், கொழுப்பும் அந்தப் பக்கம்தான் சாயும். 5 × 3.8 = 19, 3 × 4.6 = 13.8, மொத்தம் 32.8. அதை 8 லிட்டரால் வகுத்தால் 4.1. இதற்கு எடையிட்ட சராசரி என்று பெயர். வகுப்புவாரித் தேர்ச்சி சதவீதம், கிளைவாரி லாபம் என்று சராசரிகளுக்குச் சராசரி எடுக்கிற இடத்தில் எல்லாம் இந்தக் கேனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைத் தினமும் திரும்பத் திரும்ப எழுதாமல் ஒரு பெயருக்குள் அடைத்து, அளவுகளை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அதுதான் பங்ஷன். அவள் அதற்கு "கேன்" என்றே பெயர் வைத்தாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் அட்டவணையில் "குறிப்பு" என்று ஒரு பத்தியைச் சேர்த்து, ஏழாம் நாளுக்கு நேராக "கன்று ஊட்டியது" என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள்.