கோபர் கேஸ் தொட்டியைச் சாகடிக்கும் வழிகள்

சாணத்தையும் மிச்சச் சோற்றையும் போட்டுச் சமையல் வாயு எடுப்பதுதான் கோபர் கேஸ் தொட்டி. கொல்லையிலும் மொட்டை மாடியிலும் அதை வைப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தை ஒன்றுவிடாமல் அவர்களும் அடிக்கிறார்கள். குழாய்க் கசிவு போன்றவற்றை மாட்டிக்கொடுக்கும் ஆளே பார்த்துக்கொள்வார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே சோறு போடுவது

முதலில் சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரம், மார்கழியில் இன்னும் இழுக்கும். முதலில் வரும் வாயுவைத் திறந்து வெளியே விட்டுவிடுங்கள். அதில் காற்றும் கலந்திருக்கும், பற்றவைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

விருந்து மிச்சத்தைக் கொட்டுவது

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல்தான். தெரிந்தவர் வீட்டில் வளைகாப்பு. மிஞ்சிய புளியோதரை, தேங்காய்ச் சாதம், பாயசம் எல்லாவற்றையும் குண்டான் குண்டானாகத் தொட்டியில் இறக்கிவிட்டார். தொட்டியின் மேல் கவிழ்ந்திருக்கும் டிரம், வாயு சேரச் சேர எழும்பும். மறுநாள் போனில் ஒரே சந்தோஷம்: "அண்ணே, டிரம் எப்படி எழும்பி நிக்குது தெரியுமா!" அப்புறம் இன்னொரு போன். டிரம் எழும்பித்தான் இருக்கிறது, அடுப்புதான் பற்றவில்லை. போய்ப் பார்த்தால் புளித்த மாவு வாடை.

தொட்டிக்குள் இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள் உண்டு. ஒன்று சோற்றை அமிலமாக்கும். மற்றது அந்த அமிலத்தைத் தின்று, அடுப்பில் எரியும் வாயுவான மீத்தேனை விடும். முதல் கூட்டம் வேகம், இரண்டாவது மந்தம். ஒரேயடியாகச் சோறு விழுந்தால் அமிலம் தேங்கி, பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 6.5-க்குக் கீழே போய், மீத்தேன் கூட்டம் படுத்துவிடும். அப்போதும் வாயு வரும், ஆனால் பெரும்பகுதி எரியாத கரியமில வாயு. டிரம்மைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

உடனே தீனியை நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீரும் புதுச் சாணக் கரைசலும் ஊற்றி, பிஎச் தாள் 7 காட்டும்வரை பட்டினி போட்டிருந்தால் பிழைத்திருக்கும். அவரோ, "கேஸ் பத்தலையேன்னு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்" என்கிறார்! கடைசியில் ஆள் வைத்து மொத்தத்தையும் இறைத்து, சாணம் விலைக்கு வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அதுவரை சமையல் சிலிண்டரில்தான்.

எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு

வேண்டாம்.

பழைய அடுப்பை அப்படியே மாட்டுவது

இந்த வாயுவுக்கு அழுத்தம் குறைவு. வாயு வெளிவரும் ஜெட் துளை பெரிதாக உள்ள கோபர் கேஸ் அடுப்பு வாங்குங்கள்.

தீ விட்டுவிட்டு எரிந்தால் தொட்டியைத் திட்டுவது

குழாயில் தண்ணீர் நிற்கிறது. வடித்துவிடுங்கள்.

சிலிண்டர் இணைப்பை ஒப்படைப்பது

ஒரு கன மீட்டர் வாயு ஏறக்குறைய 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம். தினமும் அரை கன மீட்டர் கிடைத்தாலும், 14.2 கிலோ சிலிண்டரில் மாதம் பாதிதான் மிச்சமாகும். குளிர் மாதங்களில் அதுவும் குறையும். ஒரு மார்கழியையாவது தாண்டிவிட்டு அந்த யோசனைக்கு வாருங்கள்.