ஒளி எவ்வளவு முறிகிறது? நாலு குண்டூசியால் அளந்து பார்ப்போம்

இரணைமடுக் குளத்தின் ஓரத்தில் நின்று தெளிந்த தண்ணீருக்குள் பார்த்தால், அடித்தரை இடுப்பளவு ஆழத்தில்தான் இருக்கிறது என்று தோன்றும். நம்பி இறங்கினால் நெஞ்சுவரை போய்விடும். ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது திசை மாறுவதுதான் காரணம். பாடப்புத்தகத்தில் ஒளிமுறிவு என்று படித்திருப்பீர்கள். எவ்வளவு முறிகிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். பரீட்சைக்குப் பாடமாக்குவதைவிட, ஒருமுறை கையால் அளந்தால் ஆயுளுக்கும் மறக்காது.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உள்ளே இருப்பது வெளியில் தெரியாத கோப்பை ஒன்றின் அடியில் ஐந்து ரூபாய்க் குத்தியைப் போடுங்கள். குத்தி விளிம்புக்குப் பின்னால் மறையும்வரை தலையைப் பின்னுக்கு எடுத்து, அப்படியே அசையாமல் நில்லுங்கள். இன்னொருவர் மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும். மறைந்த குத்தி மேலெழுந்து கண்ணுக்குத் தெரியும். ஊற்றும் வேகத்தில் குத்தி நகர்ந்துவிட்டால் சோதனை பிழைத்துவிடும். ஒரு சொட்டு மெழுகால் ஒட்டிவிடுங்கள்.

ஏன் இப்படி? வெற்றிடத்தில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் போகும். காற்றிலும் கிட்டத்தட்ட அதே வேகந்தான். தண்ணீருக்குள் அது ஏறத்தாழ 2,25,000 ஆகவும், கண்ணாடிக்குள் 2,00,000 அளவாகவும் குறைகிறது. றோட்டிலிருந்து சேற்று வயலுக்குள் இருசில்லு உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டரைச் சரிவாக இறக்கிப் பாருங்கள். முதலில் சேற்றைத் தொடும் சில்லு மெதுவாகும், மற்றச் சில்லு பழைய வேகத்திலேயே வரும், வண்டி தானாகத் திரும்பும். நேராக இறக்கினால் திரும்பாது, வேகம் மட்டும் குறையும். ஒளியும் சரிவாக நுழைந்தால்தான் முறியும்.

சரி, இனி அளவுக்கு வருவோம். நேரான, செங்குத்தான பக்கங்கள் உள்ள மெல்லிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வேண்டும். கீழே ஒடுங்கிப் போகும் பெட்டி சரிவராது. காட்போட் மட்டையின்மேல் வெள்ளைத்தாளை விரித்து, பெட்டியை வைத்து, சுற்றிவரப் பென்சிலால் கோடு கீறுங்கள். பெட்டியில் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு நீளப்பக்கத்துக்கு முன்னால், பெட்டியை நோக்கிச் சரிவாக, ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு குண்டூசிகளைக் குத்துங்கள்.

இப்போது மறுபக்கம் வந்து, கண்ணைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்தி, தண்ணீருக்கூடாக அந்த ஊசிகளைப் பாருங்கள். தண்ணீருக்கு மேலால் பார்த்துவிடாதீர்கள், புதிதாகச் செய்கிறவர்களுக்கு அங்கேதான் தடுமாறும். இரண்டு ஊசியும் ஒன்றன்பின் ஒன்றாக மறையும் இடம் ஒன்று கிடைக்கும். அந்த இரண்டையும் மறைக்கும்படி மூன்றாவது ஊசி, மூன்றையும் மறைக்கும்படி நான்காவது. ஊசியின் தலையை நம்பவேண்டாம், அது சாய்ந்திருக்கலாம். தாளைத் தொடும் அடியைப் பார்த்தே ஒழுங்குபடுத்துங்கள்.

பெட்டியை எடுத்துவிட்டு, முதல் இரண்டு துளைகளையும் இணைத்துப் பெட்டிக்கோடுவரை நீட்டுங்கள். மற்ற இரண்டுக்கும் அப்படியே. பெட்டிக்கோட்டில் கிடைத்த இரு புள்ளிகளையும் இணைத்தால், தண்ணீருக்குள் ஒளி போன பாதை கைக்கு வந்துவிட்டது. ஒளி நுழைந்த புள்ளியில் பெட்டிக்கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு கீறுங்கள். அதுதான் செவ்வன். செவ்வனிலிருந்து கோணங்களைப் பாகைமானியால் அளந்தால், காற்றில் 45 பாகையில் வந்த ஒளி தண்ணீரில் 32 பாகை அளவில் போயிருக்கும். 60 பாகையில் வந்தால் 40 அல்லது 41.

காற்றுக் கோணத்தைத் தண்ணீர்க் கோணத்தால் வகுத்துப் பாருங்கள். 45க்கு ஒரு விடை, 60க்கு வேறு விடை. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் தொலமி இந்தக் கோணங்களைத் தண்ணீரில் அளந்திருந்தும் சரியான விதி அவருக்குப் பிடிபடவில்லை. 984ஆம் ஆண்டளவில் பாரசீக அறிஞர் இபுனு சஹ்லும், 1621இல் டச்சு அறிஞர் ஸ்நெல்லும் கண்ட வழி வேறு. அதையே செய்வோம். நுழைந்த புள்ளியில் கவராயத்தை ஊன்றி 10 சென்ரிமீற்றர் ஆரையில் வட்டம் போடுங்கள். காற்றுக்கோடும் தண்ணீர்க்கோடும் வட்டத்தை வெட்டும் இடங்களிலிருந்து (எட்டாவிட்டால் கோட்டை நீட்டுங்கள்) செவ்வனுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தை அடிமட்டத்தால் அளவிடுங்கள். 45 பாகைக்கு 7.1, 5.3 சென்ரிமீற்றர். 60 பாகைக்கு 8.7, 6.5. இரண்டிலும் வகுத்தால் ஏறத்தாழ 1.33, அதாவது மூன்றுக்கு நாலு. மேலே சொன்ன வேகங்களை வகுத்தாலும் அதே எண்தான். ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதை நாலு குண்டூசி சொல்லிவிட்டது! இந்த எண்தான் தண்ணீரின் முறிவுச்சுட்டி.

குளத்து ஆழக் கணக்கும் இதற்குள்ளேயே இருக்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் எட்டடி ஆழம் ஆறடியாகத் தெரியும். கரையிலிருந்து சரிவாகப் பார்த்தால் அதைவிடவும் குறைவாகத் தெரியும். நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். மண்டாவால் மீன் குத்துகிறவர்கள் தெரிகிற இடத்துக்குக் கீழே குறி வைப்பதும் இதனால்தான். மீன் இருக்கும் இடம் அதன் தோற்றத்துக்குக் கீழே.

இவ்வளவும் சரியாக வந்தால், அதே பெட்டியில் தேங்காயெண்ணெய் விட்டுச் செய்து பாருங்கள். அதன் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.45. 45 பாகைக்கு 7.1, 4.9 சென்ரிமீற்றர் வரவேண்டும். கண்ணாடிக்கு அது கிட்டத்தட்ட 1.5 என்பதால், நிறமில்லாத கண்ணாடிப் போளை (கோலி) ஒன்றை அந்த எண்ணெய்க்குள் போட்டால், தண்ணீரில் தெரிந்ததைவிட நன்றாக மங்கிப்போகும். மார்கழி விடியலில் மட்டும் வேண்டாம், எண்ணெய் உறைந்திருக்கும்.