குளத்தடிப் பூங்காவில் எந்தப் பக்கம் இருப்பது?

வவுனியாக் குளத்தடியோ கிளிநொச்சிக் குளத்தடியோ, பின்னேரம் குடும்பத்தோடு போய் இருப்பதானால் காற்று தண்ணீரைக் கடந்து வந்து சேரும் கரையில் பாயை விரியுங்கள். நிழலை அப்புறம் பார்க்கலாம். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது வடகிழக்குக் கரைதான் நல்லது. வாடைக்காலத்தில் நேரெதிர்.

சோளகம் வன்னிக்குக் காய்ந்த காற்றாகத்தான் வந்து சேர்கிறது. காய்ந்த காற்று குளத்தின் மேலால் வரும்போது நீர் வேகமாக ஆவியாகி, காற்றின் சூட்டை எடுத்துக்கொள்ளும். எதிர்க்கரையில் இருந்தால் வெந்த தரையின் அனலும் றோட்டுப் புழுதியும்தான் சாப்பாட்டில் விழும்.

திசை பிடிபடவில்லையா? ஆகாயத்தாமரை எந்தக் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள், அதுதான் உங்கள் கரை. ஆனால் அந்தக் குவியலிலிருந்து கொஞ்சம் தள்ளி இருங்கள். நாற்றமும் நுளம்பும் அங்கேதான்.

ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி அலைகரை வெடித்துக் கிடந்தால் இது சரிவராது. அப்போது பெரிய மருத மரமாகப் பார்த்து ஒதுங்குவதே மேல்.